பழனியாண்டியின் தொலைபேசி அட்டை

பழனியாண்டியை வன்னியில் ஆணிப் பழனி என்று சொன்னால்தான் ஆட்களுக்குத் தெரியும். கிளிநொச்சிப் பக்கம் தருமபுரத்தில் இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. தொண்ணூறுகளில் வன்னிக்குள் ஆணி வருவதில்லை. அரசாங்கம் தடைசெய்த சாமான்களின் பட்டியலில் இரும்பும் இருந்தது. இடம்பெயர்ந்து வருகிற சனத்துக்குக் கொட்டில் போடக் காட்டில் தடி கிடைத்தது, கிடுகு கிடைத்தது, ஆணிதான் கிடைக்கவில்லை. பழனியாண்டி சண்டையில் எரிந்த வீடுகளைத் தேடிப் போனார். கூரை எரிந்து விழுந்த இடத்தில் சாம்பல் இருக்கும். சாம்பலுக்குள் ஆணி இருக்கும்.

அதைப் பொறுக்க அவரிடம் ஒரு காந்தம் இருந்தது. ரேடியோ திருத்துகிற யோகலிங்கம் கொடுத்தது. ஏதோ கோயிலில் கட்டிய பெரிய ஸ்பீக்கர் கிழிந்துபோய்த் திருத்த வந்ததாம், திருத்த முடியாததால் பின்பக்கத்துக் காந்தத்தைக் கழற்றி இவர் கையில் வைத்தார். வடையைப் போல நடுவில் ஓட்டை உள்ள கறுப்புக் காந்தம். பழனியாண்டி அந்த ஓட்டையில் கயிறு கட்டிச் சாம்பலுக்கு மேலால் மெல்ல இழுத்துக்கொண்டு நடப்பார். ஆணிகள் துள்ளி வந்து ஒட்டும். வளைந்த ஆணிகளைத் தண்டவாளத் துண்டொன்றில் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டி நிமிர்த்துவார். தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில் எத்தனையோ கொட்டில்கள் அவர் நிமிர்த்திய ஆணியில்தான் நின்றன. அதில் அவருக்கு வெளியில் சொல்லாத ஒரு பெருமை இருந்தது.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓடி வந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. வந்த இடத்தில் காடு வெட்டினார், கமலாட்சியைக் கட்டினார், ராஜினி பிறந்தாள். ஒரே பிள்ளை. அதற்குப் பிறகு எத்தனை இடம் மாறினார்கள் என்று கமலாட்சிதான் விரல் மடக்கிச் சொல்வாள். கடைசியாக வந்து சேர்ந்தது வவுனியாவுக்கு மேற்கே, மன்னார் வீதியில், ஆமிக் கட்டுப்பாட்டில் இருந்த பூவரசங்குளம்.

வவுனியா ரவுணுக்கு முதன்முதல் போன அன்று, ஒரு கடை வாசலில் சாக்கு நிறைய ஆணியைக் கண்டார் பழனியாண்டி. சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். கடைக்காரர் எத்தனை கிலோ என்று கேட்டார். பழனியாண்டி அள்ளியதை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டார்.

"ஒண்ணுகூட வளையல, கமலா," என்று வீட்டில் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

ஆணித் தொழில் அத்தோடு முடிந்தது. வயல்களில் கூலிக்குக் கூப்பிட்டால் போவார், கூப்பிடாத நாட்களில் வேலியைப் பார்த்துக்கொண்டு இருப்பார். காந்தத்தை மட்டும் எறியவில்லை. அதற்கு வேறு வேலை கிடைத்திருந்தது. ராஜினி பள்ளிக்கூடம் போன காலத்துத் தகரக் கொம்பாஸ்பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. அடையாள அட்டை, வவுனியாவில் தங்குவதற்கான பாஸ், குடும்ப அட்டை எல்லாம் அதற்குள். சோதனைச் சாவடியில் இவற்றில் ஒன்று குறைந்தாலும் மனிதன் மனிதனில்லை. பெட்டியின் மூடி பிணைச்சல் கழன்று தனியாக வந்துவிட்டது. பழனியாண்டி மூடியை வைத்து, அதற்கு மேல் காந்தத்தை வைத்தார். டக் என்று பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் இடிபட்டாலும் திறக்காது, தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. இதைவிட நல்ல பூட்டு எந்தக் கடையில் இருக்கு என்று கமலாட்சியிடம் கேட்டார்.

இரண்டாயிரமாம் ஆண்டு ஆவணியில் ராஜினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். ஏஜென்சிக்காரன் ஒருவன் வந்து பத்துப் பதினைந்து பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு போயிருந்தான். அவளுக்கு இருபத்தொரு வயது. அவள் கேட்கவில்லை, சொன்னாள். பழனியாண்டிக்கு அதுதான் முதலில் சுட்டது. தன் தாய் கங்காணியின் சத்தத்துக்கு எழும்பி கங்காணியின் சத்தத்துக்குப் படுத்தவள் என்றும், அந்த வாழ்க்கை வேண்டாமென்றுதான் மலையை விட்டுக் காட்டுக்கு வந்ததென்றும், இனி இன்னொருத்தன் வீட்டுக் கக்கூஸ் கழுவக் கடல் தாண்டிப் போவதா என்றும் கத்தினார். ராஜினி ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் உடுப்பை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதி அவரை இன்னும் கிளப்பிவிட்டது.

"போனா போனதுதான். திரும்பி இந்த வாசல மிதிக்காத," என்றார்.

சொன்ன கணமே அது தன்னுடைய வாயிலிருந்துதான் வந்ததா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. ஆனால் வாய் மூடிக்கொண்டுவிட்டது. மறுநாள் விடிய ராஜினி பஸ் ஏறினாள். அவர் கிணற்றடியில் நின்றார். முகம் கழுவினார், பிறகும் கழுவினார், பஸ் சத்தம் தேயும்வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு கொழும்பிலிருந்து திரும்பிய ஒரு லொறிக்காரர் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு தொலைபேசி அட்டையும் இருந்தது. முன்பக்கத்தில் ஒரு யானை, பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. பழனியாண்டிக்கு எழுத்துத் தெரியாது. கமலாட்சி ஐந்தாம் வகுப்பு. சொற்களுக்குக் கீழே விரலை ஊர விட்டு வாசித்தாள்:

"அப்பா, நீங்கள் கோபத்தில் சொன்னதை நான் மனசில் வைக்கவில்லை. வியாழக்கிழமை பத்து மணியிலிருந்து பதினொன்றரை மணிவரை ஏஜென்சி வீட்டில் போனுக்குப் பக்கத்தில் இருப்பேன். நம்பர் கீழே இருக்கிறது. வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். நீங்கள் கோல் எடுக்காவிட்டால் போகச் சொல்லுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். அன்றைக்கே பிளேன். அதுவரை இந்த அட்டையை வேறு யாருக்கும் பேசி வீணாக்க வேண்டாம்."

வியாழனுக்கு ஆறு நாள் இருந்தது. பழனியாண்டி அட்டையைக் கடிதத்துக்குள் மடித்துக் கொம்பாஸ்பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். மூடியை வைத்தார். காந்தத்தை வைத்தார். டக்.

அந்த ஆறு நாளும் பெட்டி அவரை விட்டுப் பிரியவில்லை. வயலுக்குப் போனால் மடியில் இருந்தது. இடைக்கிடை திறந்து யானையைப் பார்ப்பார், மூடுவார். யாராவது எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில், காந்தம் சரியாக அட்டைக்கு நேரே இருக்கிறதா என்று தடவியும் பார்த்துக்கொள்வார். என்ன சொல்லப் போறீங்க என்று கமலாட்சி தினமும் கேட்டாள். வியாழன் காலை, பஸ்ஸுக்கு இறங்கும்போதுதான் அவர் பதில் சொன்னார்.

"வரச் சொல்லப் போறேன்."

கமலாட்சி கிட்ட வந்தாள். அவருடைய சேட்டின் கொலரை நிமிர்த்திவிட்டாள்.

வழியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்து ஏற்றியும் ஒன்பதரைக்கே ரவுணுக்கு வந்துவிட்டார். தபால் கந்தோருக்குப் பக்கத்தில், அட்டை போட்டுப் பேசுகிற தொலைபேசிக் கண்ணாடிக் கூடு. வரிசையில் மூன்று பேர் நின்றார்கள். அவர் முறை பத்துக்கு முன்பே வந்தது. மகள் பத்து மணி என்று சொன்னால் பத்து மணிதான். பின்னால் நின்றவரை முன்னுக்குப் போக விட்டார், அதற்குப் பின்னால் நின்றவரையும் விட்டார். அப்போதே ஒருதரம் போட்டுப் பார்த்திருந்தால் என்று பிற்பாடு எத்தனை தரம் நினைத்தாரோ.

பத்து மணிக்கு உள்ளே போய் அட்டையைச் செருகினார். இயந்திரம் அதைப் பாதி விழுங்கியது, கொஞ்சம் யோசித்தது, கீச் என்று ஒரு சத்தம் போட்டுத் துப்பியது. சின்னத் திரையில் ஏதோ இங்கிலிஷ் எழுத்து ஓடியது. மறுபடி செருகினார். மறுபடி துப்பியது.

"ஐயா, யானை மேல பாக்கப் போடுங்கோ," என்றாள் அடுத்ததாக நின்ற பெண். பெயர் நேசமலர், ஆஸ்பத்திரியில் வேலை என்பதெல்லாம் அவள் பின்னால் நின்றவரோடு கதைத்ததில் அவர் காதில் விழுந்திருந்தது.

யானை மேலே பார்க்கப் போட்டார். யானை கீழே பார்க்கவும் போட்டார். சேட்டில் துடைத்துப் போட்டார். வெயிலில் காட்டிவிட்டுப் போட்டார். கூட்டின் பக்கத்தில் கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"அண்ணை, அது மாடில்லை, அடிச்சு நடத்தாதேங்கோ," என்று வரிசையில் ஒருவன் சொன்னான். இரண்டு பேர் சிரித்தார்கள். பழனியாண்டியும் சிரித்துவைத்து வெளியே வந்தார்.

நேசமலர் உள்ளே போய்த் தன் அட்டையைப் போட்டாள். இயந்திரம் ஒரு சத்தமும் போடாமல் ஏற்றுக்கொண்டது. பேசி முடித்து வந்தவள், இவர் இன்னும் நிற்பதைப் பார்த்துத் தன் அட்டையை நீட்டினாள்.

"இதில இன்னும் கிடக்குது. கதைச்சிட்டுத் தாங்கோ ஐயா."

பழனியாண்டி கையை நீட்டவில்லை. எப்படி நீட்டுவது? அவர் பேச வேண்டியது இரண்டு சொல்லில் முடிகிற கதையில்லை. முதலில் அன்றைக்குச் சொன்னதைத் திருப்பி வாங்க வேண்டும், அப்புறம்தான் வா என்று சொல்ல முடியும். முன்பின் பழக்கமில்லாத பிள்ளையின் அட்டையைக் கரைத்து அதைச் சொல்ல முடியுமா? அதோடு மகள் அனுப்பிய அட்டை பழுது என்று ஒத்துக்கொள்ளவும் அவருக்கு மனம் வரவில்லை.

"வேணாம்மா. இது எம்மக அனுப்புன கார்டு. வேல செய்யும்."

"செய்யாது போல கிடக்குது ஐயா."

"செய்யும்மா. நீங்க போங்க."

அவள் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனாள். அவள் போன திசையை அவர் பிறகு நெடுநாள் மறக்கவில்லை.

ஒவ்வொருவர் பேசி வெளியே வரும்போதும் இவர் உள்ளே போய் ஒருதரம் செருகிப் பார்த்தார். தவறு அட்டையில் இல்லை, தன் கையில்தான் என்று நம்பினார். வளைந்த ஆணியானாலும் பொறுமையாகத் தட்டினால் நிமிரும் என்று பழகிய கை அது. தபால் கந்தோர் மணிக்கூடு பதினொன்றைத் தாண்டியபோதுதான் அட்டையைப் பெட்டிக்குள் போட்டார். வீதிக்கு அந்தப் பக்கத்தில், காசு கொடுத்துப் பேசுகிற கொமினிகேசன் கடைக்கு ஓடினார்.

அந்தக் கடைக்குப் போகக்கூடாதென்றுதான் அவர் வந்திருந்தார். அங்கே மேசைக்கு முன்னால் நின்றபடி பேச வேண்டும். வாங்குப் பலகையில் குந்தியிருப்பவர்கள் எல்லாம் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மன்னிப்புக் கேட்கிற இடமா அது? ஆனால் இப்போது அதுவும் கைக்கு எட்டவில்லை. முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் முடிய, கொழும்பு லைன் கிடைக்கவில்லை. கடைக்காரர் சுழற்றினார், வைத்தார், சுழற்றினார். லைன் கிடைத்தபோது பதினொன்று ஐம்பது.

மறுபக்கத்தில் ஓர் ஆண் குரல். ராஜினியைக் கேட்டார்.

"அந்த செட் எயாபோட்டுக்குப் போயிட்டுதே. இப்பதான் அவையளை ஏத்தின வான் வெளிக்கிட்டது."

பழனியாண்டி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ராஜினியிட அப்பாவா? அந்தப் பிள்ளை கடைசிவரைக்கும் போனுக்குப் பக்கத்திலதான் இருந்தது. வானிலயும் கடைசியா அதுதான் ஏறினது."

"சரிங்க," என்றார் பழனியாண்டி. வைத்துவிட்டார். வாங்கில் இருந்தவர்களுக்குக் கேட்பதற்கு அதில் ஒன்றுமே இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கமலாட்சிக்குச் சொன்னதும் அவளுடைய கோபம் அட்டை விற்ற கடைக்காரன் மேல் திரும்பியது. கொழும்பில் எவனோ பழைய அட்டையைத் தலையில் கட்டிப் பிள்ளையை ஏமாற்றிவிட்டான் என்றாள். பழனியாண்டியும் அப்படித்தான் நம்பினார். யோகலிங்கம் இப்போது வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோக் கடை வைத்திருந்தார். அட்டை ஏற்கெனவே பேசி முடித்ததுதான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனம் ஆறும். அடுத்த கிழமை பழனியாண்டி அவர் முன்னால் போய் நின்று, மடியிலிருந்து பெட்டியை எடுத்தார். காந்தத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். மூடியைத் தூக்கி அட்டையை எடுத்து நீட்டினார்.

யோகலிங்கம் அட்டையைப் பார்க்கவில்லை. காந்தத்தைப் பார்த்தார்.

"பழனி, இது நான் தந்த சாமானல்லோ. எவ்வளவு நாளா இந்த மூடிக்கு மேல கிடக்குது?"

"எப்பவுமே அதுதாங்க பூட்டு."

யோகலிங்கம் காந்தத்தைக் கையில் எடுத்தார். பிறகு இழுப்பறைக்குள்ளிருந்து ஒரு பழைய பாட்டுக் கசற்றை எடுத்தார். அதன் நாடாவில் ஒரு சாண் நீளத்தை வெளியே இழுத்து, அதன்மேல் காந்தத்தை ஒருதரம் தடவினார். சுற்றிப் போட்டார். பாட்டு வந்தது, பாதியில் ஒன்றுமில்லாமல் போனது, பிறகு மறுபடி வந்தது. நடுவில் இருந்தது வெறும் இரைச்சல்.

"இதுவும் அதுவும் ஒரு சாதிதான். உம்மட கார்டுக்குப் பின்னால இருக்கிற கறுப்பில எவ்வளவு கதைக்கலாமெண்டு எழுதியிருக்கும். எழுதினது காந்தத்தால. காந்தத்தை வைச்சால் அழிஞ்சு போகும்."

"அப்ப கொழும்புல ஏமாத்தலயா?"

"இல்லை. பிள்ளை நல்ல கார்டைத்தான் அனுப்பியிருக்கு."

பழனியாண்டி அட்டையைத் திருப்பிக் கறுப்பைப் பார்த்தார். ஆறு நாளாகத் தடவித் தடவிச் சரி பார்த்தது நினைவுக்கு வந்தது. அழிந்ததைத் திருப்பி எழுத முடியுமா என்று கேட்டார். எழுதியவன்தான் எழுதலாம், எங்களால் ஏலாது என்றார் யோகலிங்கம். இனிமேலாவது கார்டைக் கடதாசி உறையில் தனியாகப் போட்டு வைக்கும்படியும், ஸ்பீக்கருக்கு மேலேயோ காந்தப் பித்தான் போட்ட பேர்சுக்குள்ளேயோ வைக்கக்கூடாதென்றும், வங்கிக்காரர் இப்போது கொடுக்கத் தொடங்கியிருக்கிற கார்டுக்கும் இதே கதைதான் என்றும் அவர் சொல்லிக்கொண்டே போனார். பழனியாண்டி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ரவுணுக்குப் போகிற நாளெல்லாம் அவர் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பதைக் காணலாம். யாராவது அட்டையைப் பேர்சுக்குள் வைத்தால் பேர்சின் பித்தானைக் காட்டச் சொல்வார். ஒரு ரீச்சரம்மாவின் கைப்பையை அவர் எட்டிப் பார்க்கப் போய், அந்த அம்மா கள்ளன் என்று நினைத்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காந்தம் வைச்சா பேச்சு அழிஞ்சு போயிடும்மா என்று அவர் சொன்னது அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. ஆணிப் பழனி காந்தப் பழனி ஆனார். கூட்டடியில் நிற்கிற முச்சக்கரவண்டிக்காரர்கள், வாறார் பாருங்கோ கார்டு டொக்டர் என்பார்கள். நேசமலரையும் அவர் தேடினார். கண்டால் என்ன சொல்வதென்று தெரியாமலே தேடினார். காணவில்லை.

ராஜினியின் கடிதங்கள் வந்தன. சுகம் என்றிருக்கும், வேலை பரவாயில்லை என்றிருக்கும். ஒப்பந்தம் இரண்டு வருடம். பாஸ்போட் வீட்டுக்காரர் கையில். அட்டை பழுதானதை எழுதட்டுமா என்று கமலாட்சி கேட்டபோதெல்லாம், அவளோடு பேசும்போது நானே சொல்கிறேன் என்பார் பழனியாண்டி. எழுத்து தன் கையில் இல்லாதவருக்கு, அதை இன்னொருவர் கையால் சொல்வது சொன்னதாகவே இராது.

இரண்டாயிரத்தொன்று சித்திரையில் அந்த நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கொமினிகேசனுக்குக் கோல் எடுப்பதாக எழுதியிருந்தாள். இருவரும் போனார்கள். அதே மேசை, அதே வாங்கு, அதே மாதிரி வாய் பார்க்கிற ஆட்கள். பழனியாண்டிக்கு இந்த முறை அது பொருட்டாக இருக்கவில்லை. எட்டு மாதமாக ஒத்திகை பார்த்த சொற்கள் நாக்கு நுனியில் நின்றன. அட்டை, காந்தம், வரச் சொல்லத்தான் வந்தேன் பாப்பா. மணி அடித்தது. கடைக்காரர் கையில் கொடுத்தார்.

முதலில் கடலுக்கு அடியில் இருப்பது போல ஒரு சத்தம். பிறகு அவள்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் பாப்பா. அன்னைக்கு..."

அவருடைய சொல் போய்ச் சேருவதற்குள் அவளுடைய சொல் வந்துவிட்டது.

"அன்னைக்குப் பத்து மணியில இருந்து பயந்துக்கிட்டே இருந்தேன்ப்பா. போன் அடிக்கல. அப்பதான் உசுரு வந்திச்சு. அப்பா கோபம் தீந்து போகச் சொல்லிட்டாருன்னு. அந்தத் தைரியத்துலதான் பிளேன் ஏறுனேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இங்க சில நாளு ரொம்பக் கஷ்டமா இருக்கும்ப்பா. அப்ப அத நெனச்சுக்குவேன். அப்பா சொல்லித்தான் வந்திருக்கோம்னு."

பழனியாண்டி சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு கலண்டர், அதைப் பிடித்திருந்த ஆணி கொஞ்சம் வளைந்திருந்தது.

"அப்பா? கேக்குதா?"

"கேக்குது."

"அந்தக் கார்டு என்னாச்சு? வேற யாருக்காச்சும் பேசிட்டீங்களா?"

"இல்ல பாப்பா. பத்திரமா இருக்கு." போனை மற்றக் காதுக்கு மாற்றினார். "நான்தான் போகச் சொன்னேன். நல்லா யோசிச்சுத்தான் எடுக்காம இருந்தேன்."

வாங்கில் ஒருவர் செருமினார். கமலாட்சி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் முறை வந்து பேசும்போதும் அவள் எதையும் திருத்தவில்லை. சாப்பாடு என்ன, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று மட்டும் கேட்டாள்.

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது, சொல்லியிருக்கலாமே என்றாள் மெதுவாக.

"சொன்னா? இன்னும் ஒண்ணரை வருசம் அத நெனச்சுக்கிட்டு அங்க கெடக்கணும்."

பூவரசங்குளம் பஸ் வந்தது, ஏறினார்கள்.

வழியில் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பழனியாண்டி பெட்டியை எடுத்தார். மூடியை இப்போது கமலாட்சியின் பழைய சேலைக் கரையால் கட்டியிருந்தார். முடிச்சை அவிழ்த்து அடையாள அட்டையை நீட்டும்போது கடதாசி உறையொன்று கூடவே வந்து விழுந்தது. ஆமிக்காரன் குனிந்து எடுத்தான். சின்னப் பொடியன், தமிழ் தெரியாது. உறைக்குள்ளிருந்து தொலைபேசி அட்டையை உருவி யானையைப் பார்த்தான், பின்பக்கத்துக் கறுப்பைப் பார்த்தான். கையைக் காதில் வைத்துக் காட்டி, பேசலாமா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினான்.

பழனியாண்டி ஆம் என்று தலையாட்டினார்.

அவன் அதைப் பக்குவமாக உறைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.